மிளகா, ஏலமா, சாதிக்காயா? மலைத்தோட்டத்தில் எதை நம்பி நடுவது

பழனி மலையின் கீழ்ச்சரிவிலோ கொல்லிமலையிலோ சிறுமலையிலோ இரண்டு மூன்று ஏக்கர் கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நல்ல விலை போகும் பயிர் எது? பக்கத்துத் தோட்டக்காரர் ஏலம் என்பார். யூடியூபில் ஒருவர் வனிலா என்பார். நாற்றுப்பண்ணைக்காரர் சந்தனத்தைக் காட்டுவார். எல்லோரும் காட்டுவது அந்த வருடத்து விலையை. இருபது வருடம் மண்ணில் நிற்கப்போகிற ஒன்றை அந்த ஒரு வருட விலையை வைத்து முடிவு செய்வது ஆபத்து.

இந்தச் சரக்குகளுக்கெல்லாம் நீண்ட விலை வரலாறு இருக்கிறது. கப்பல் ஏறியவை, போர் மூட்டியவை, ஊரையே அழித்தவை இதில் உண்டு. ஒவ்வொன்றும் எதனால் விலை பெற்றது, அந்தக் காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறதா, இருந்தால் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் எதை நடுவது என்பதில் பாதிக் குழப்பம் தீரும். மீதிப் பாதியை உங்கள் நிலத்தின் உயரமும் தண்ணீரும் ஆள்வசதியும் தீர்மானிக்கும்.

ஒரு பொருளுக்கு விலை ஏற மூன்று காரணங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். அது ஓரிடத்தில் மட்டும் விளையலாம். அதை எடுக்க ஆகும் கைவேலையைக் குறைக்க வழியில்லாமல் இருக்கலாம். அல்லது வாங்குகிறவர் அதற்குப் பதில் வேறொன்றை ஏற்காமல் இருக்கலாம். முதல் காரணம் எப்போதும் ஒருநாள் உடைந்துபோகிறது. தூத்துக்குடி முத்தைப் பாருங்கள். மன்னார் வளைகுடாவில் ஈராயிரம் வருடம் முத்துக் குளித்தோம். 1893இல் ஜப்பானில் மிகிமோட்டோ வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார். அடுத்த நாற்பது வருடத்தில் உலகச் சந்தையில் இயற்கை முத்தின் விலை சரிந்தது. நீலச் சாயம் தரும் அவுரிச் செடிக்கு நடந்தது இன்னும் வேகம். 1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் ஆலையில் செய்த நீலச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும், இந்திய அவுரி வயல்கள் சில பத்தாண்டுகளில் சுருங்கிப்போயின.

இந்தக் கண்ணோடு மலைப்பயிர்களுக்கு வருவோம்.

மிளகு

முசிறித் துறைக்கு யவனர் மரக்கலம் பொன்னோடு வந்து கறியோடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. கறி என்றால் மிளகு. செங்கடல் கரையில் எகிப்தின் பெரெனிகே துறைமுகத்தைத் தோண்டியபோது, கோயில் வளாகத்தில் இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. அதே காலத்தில் ரோமில் பிளினி என்ற எழுத்தாளர் எழுதி வைத்த விலை: ஒரு பவுண்டு கருமிளகு 4 தினாரி (ரோம வெள்ளிக்காசு), வெண்மிளகு 7, திப்பிலி 15. உறைப்பைத் தவிர வேறு சிறப்பில்லாத ஒன்றுக்காக இந்தியா வரை போகிறார்களே என்று அவர் அலுத்துக்கொள்கிறார். இந்தியச் சரக்கு எகிப்துக்குள் நுழையும்போது நாலில் ஒரு பங்கு வரியாகப் போனது. அதையும் கொடுத்து வாங்க ஆள் இருந்தது. 408இல் ரோமை முற்றுகையிட்ட கோத்தியர் தலைவன் அலாரிக், நகரை விட்டுவைக்கக் கேட்ட பட்டியலில் பொன், வெள்ளியோடு 3,000 பவுண்டு மிளகும் இருந்தது.

பிளினியின் பட்டியலில் மிளகைவிட ஏறக்குறைய நாலு மடங்கு விலை போன திப்பிலி பிறகு என்ன ஆனது? மேற்குச் சமையலறையிலிருந்து கிட்டத்தட்ட மறைந்தேபோனது. நம் ஊரிலும் மருந்துக்கடையிலும் கண்டதிப்பிலி ரசத்திலும்தான் பார்க்கிறோம். விலை குறைந்த மிளகு நிலைத்தது. அமெரிக்காவிலிருந்து மிளகாய் வந்து உறைப்புக்கான தேவையில் பெரும்பங்கை எடுத்துக்கொண்ட பிறகும் நிலைத்தது. மலபார் தனியிடமாக இருந்த நிலை போய், சுமத்ரா, பிரேசில் என்று பரவி, கடைசியில் வியட்நாம் உலகின் முதல் உற்பத்தி நாடான பிறகும் நிலைத்து நிற்கிறது. தனியிடம் என்ற காரணத்தை முற்றாக இழந்தும் வாங்குகிறவரை இழக்காத சரக்கு இது. நான் மிளகை நம்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

விலை ஆடாது என்று சொல்லவில்லை. 2015 வாக்கில் கிலோ 700 ரூபாயைத் தொட்டது, பிறகு நாலைந்து வருடத்தில் பாதிக்கும் கீழே வந்தது. இறக்குமதியைத் தடுக்க 2017 டிசம்பரில் மத்திய அரசு கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தும் விழுந்தது. பிறகு மறுபடி ஏறியது. ஆனால் இந்த ஆட்டத்தைத் தாங்க மிளகில் ஒரு வழி இருக்கிறது. நன்றாகக் காய்ந்து ஈரம் 11 சதவீதத்துக்குள் வந்த மிளகைச் சாக்கில் கட்டி, தரையில் படாமல் பலகை மேல் அடுக்கினால் இரண்டு மூன்று வருடம் தரம் குறையாமல் கிடக்கும். விலை விழுந்த வருடம் விற்காமல் இருக்க முடிகிற பயிர்கள் மிகக் குறைவு. கூர்க்கிலும் வயநாட்டிலும் பெரியவர்கள் மிளகு மூட்டையைச் சேமிப்புக் கணக்கு மாதிரி வைத்திருந்து, கல்யாணத்துக்கும் வீடு கட்டவும் மட்டும் எடுப்பார்கள்.

வேலையும் பிடிபடக் கூடியது. சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் சரத்தோடு பறிக்கிறோம். காலால் மிதித்தோ இயந்திரத்திலோ மணி பிரித்து, கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துக் களத்தில் கொட்டினால் சீராகக் கறுக்கும். நாலைந்து வெயிலில் காய்ந்துவிடும். நூறு கிலோ பச்சைக்கு முப்பத்து மூன்று கிலோ வரை நிற்கும். வியாபாரி ஒரு லிட்டர் படியில் அளந்து எடை பார்ப்பார். 550 கிராமுக்கு மேல் நின்றால் பேரம் உங்கள் பக்கம். குறைந்தால் பொக்கு அதிகம் என்று அர்த்தம்.

பன்னியூர்-1 ரகத்துக்கு ஆராய்ச்சி நிலையம் சொல்லும் மகசூல் ஹெக்டேருக்கு 1,242 கிலோ. ஏக்கருக்கு 500 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரணக் கவனிப்பில் அதில் பாதி எடுத்தாலே நல்ல தோட்டம் என்பேன். கிலோ 300 என்ற மோசமான விலையில் 75,000 ரூபாய், 600 என்றால் ஒன்றரை லட்சம். இது மொத்த வரவு. பறிகூலியும் உரமும் இதிலிருந்துதான் போகும். பெரிய பணம் இல்லை, உண்மைதான். ஆனால் காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கிலேயே கொடி ஏறுவதால் தனி நிலம் கேட்பதில்லை. அதனால்தான் கணக்கு சரிவருகிறது.

மிளகைக் கொல்வது விரைவு வாடல் என்கிற நோய். தண்ணீர் தேங்கும் சரிவானால் ஆடி மழையில் ஒரே மாதத்தில் பத்து வருடக் கொடிகள் வரிசையாகச் சாயும். இலை உதிர்ந்து தண்டு கறுத்த பிறகு எதை ஊற்றியும் பயனில்லை. வடிகால் எடுப்பது, மழைக்கு முன் போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து) தெளிப்பது, தூரில் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையை இடுவது, இவை மூன்றையும் தள்ளிப்போடுகிறவர் மிளகு வைக்க வேண்டாம். இன்னொரு தொல்லை ஏணி. முப்பதடி உயரத்தில் ஒற்றைக் கழி ஏணியில் நின்று பறிக்கத் தெரிந்த ஆள் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள். கொடியைப் பதினைந்து இருபது அடியில் நிறுத்தி வளர்ப்பதே நல்லது.

ஏலம்

கணக்குப் போட்டால் மிளகைத் தூக்கிச் சாப்பிடும் பயிர் இது. 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டம் புற்றடியில் நடந்த ஏல விற்பனையில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. முந்தைய வருட வெள்ளத்தில் செடிகள் அழுகி, அடுத்த கோடையில் மழை பொய்த்ததன் விளைவு அது. அந்த விலையைப் பார்த்து நட்டவர்கள் காய் பறிக்க ஆரம்பித்த 2021இல் சராசரி ஆயிரம் ரூபாயை ஒட்டி வந்து நின்றது. ஏலத்தில் எல்லோரும் ஒன்றாக ஏறி ஒன்றாக விழுவது வழக்கமாகிவிட்டது.

ஏலத்தின் பழைய மதிப்பும் தனியிடத்தால் வந்தது. மேற்கு மலைத்தொடரின் ஈரக் காட்டில்தான் விளைந்தது. 19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசு அதைத் தன் தனியுரிமையாகவே வைத்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியத் தோட்டக்காரர் ஒருவர் மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலாவின் ஆல்டா வெராபாஸ் மலைக்கு அதைக் கொண்டுபோனார். அந்த ஊர்க்காரர்கள் ஏலம் சாப்பிடுவதே அபூர்வம். விளைவதெல்லாம் அரபு நாடுகளில் குடிக்கும் ஏலக் காப்பியான காவாவுக்குப் போகிறது. இன்று ஏற்றுமதியில் குவாத்தமாலாவே முதலிடம். அங்கே நல்ல விளைச்சல் என்றால் நம் போடிச் சந்தையில் விலை இறங்கும். உங்கள் விலையை வேறொரு கண்டத்து மழை தீர்மானிக்கிறது.

இருந்தும் நம் ஏலத்துக்கென்று தனி மரியாதை உண்டு. அது பச்சை நிறத்திலும் காயின் பருமனிலும் இருக்கிறது. பறித்த காயை அன்றே ஸ்டோர் என்கிற உலர்த்தும் கூடத்துக்குக் கொண்டுபோய், 45 முதல் 50 டிகிரி சூட்டில் ஒருநாள் முழுக்க மெதுவாக உலர்த்தினால்தான் பச்சை நிற்கும். சூடு கூடினால் வெளுக்கும், தாமதித்தால் மஞ்சளிக்கும். போடியில் பெண்கள் தட்டு தட்டாகக் கொட்டி வெடித்த காயையும் கறுத்த காயையும் பொறுக்கித் தள்ளிய பிறகு, 8 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற காய்க்கு ஒரு விலை, கீழே விழுகிற காய்க்கு வேறு விலை. ஏலத்தின் மதிப்பில் பாதி அந்த ஒருநாள் உலர்த்தலில் உருவாகிறது. ஸ்டோர் வைத்திருப்பவர் கையில்தான் அந்தப் பாதி இருக்கும். இரண்டு ஏக்கர்க்காரர் சொந்தமாக ஸ்டோர் கட்ட முடியாது, கூலிக்குத்தான் உலர்த்த வேண்டும். பக்கத்தில் அப்படி ஒரு ஸ்டோர் இல்லாத மலையில் ஏலம் வைப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஆள் கணக்கும் பெரியது. நாற்பது நாளுக்கு ஒருமுறை அதே செடியில் முற்றிய காயை மட்டும் தேடிப் பறிக்க வேண்டும். கம்பம், போடி, கூடலூரிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு மேட்டுக்கு ஏறுவது இதற்காகத்தான். கோடையில் பாசனம் இல்லாமல் இன்றைய நள்ளானி ரகம் தாக்குப்பிடிக்காது. இலைப்பேனுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் அடிக்கும் மருந்து காயில் எஞ்சினால் சவுதி வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். காயின் பச்சையும் நீண்ட நாள் நிற்காது, வெளிச்சம் பட்டால் மங்கும். அதனால் மிளகைப் போல வருடக் கணக்கில் பூட்டி வைக்கவும் முடியாது. ஆயிரம் மீட்டர் உயரம், நல்ல நிழல், வற்றாத ஓடை, அருகிலேயே ஸ்டோர், நிரந்தர ஆட்கள் இவை எல்லாம் உள்ளவருக்கு ஏலமே முதல் தேர்வு. ஒன்று குறைந்தாலும் கூடாது.

சாதிக்காய்

உலக வணிக வரலாற்றில் இவ்வளவு ரத்தம் சிந்திய மசாலா வேறில்லை. இன்றைய இந்தோனேசியாவில் உள்ள பண்டா என்ற சின்னஞ்சிறு தீவுக்கூட்டம் ஒன்றில் மட்டும் காய்த்தது. அதைத் தனக்கே வைத்துக்கொள்ள 1621இல் டச்சுக் கம்பெனியின் யான் பீட்டர்ஸூன் கூன் படையோடு போய் அந்த மக்களைக் கொன்றும் பட்டினி போட்டும் அடிமையாக்கியும் தீர்த்தார். சுமார் 15,000 பேரில் ஆயிரம் பேர் அளவே மிஞ்சினார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் மதிப்பீடு. 1667இல் பிரேடா உடன்படிக்கையில் ஆங்கிலேயர் பண்டாவைச் சேர்ந்த ரன் தீவின் மேலிருந்த உரிமையை விட்டுக்கொடுத்து மன்ஹாட்டனை வைத்துக்கொண்டார்கள். இத்தனை செய்தும் 1770 வாக்கில் பியேர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர் கன்றுகளை மொரீஷியஸுக்குக் கடத்திவிட்டார். அடுத்து ஆங்கிலேயர் பினாங்குக்கும் நம் குற்றாலத்துக்கும் கொண்டுவந்தார்கள். 1843இல் கிரெனடாவுக்குப் போனது. பீரங்கியால் காத்த தனியுரிமை ஒரு கூடை நாற்றால் போயிற்று.

இன்று அது ஒரு சாதாரண, ஆனால் நிதானமான பயிர். ஆனைமலை, பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நன்றாக வருகிறது. ஒரே காயில் இரண்டு சரக்கு கிடைப்பது இதன் பலம். கொட்டையைச் சுற்றிய சிவப்பு ஜாதிபத்திரிக்குக் கொட்டையைவிடப் பல மடங்கு விலை. அதைக் கிழியாமல் பூவாகக் கழற்றி, நிறம் போகாமல் உலர்த்தத் தெரிந்தால் வருமானத்தில் நல்ல பங்கு அதிலேயே வரும். மழைக்காலத்தில்தான் காய் வெடிக்கும் என்பதால் வெயிலை நம்ப முடியாது, சின்ன உலர்த்தி ஒன்று அவசியம். விதைக்கன்று வாங்காதீர்கள். ஆண் மரமா பெண் மரமா என்று ஏழெட்டு வருடம் கழித்துப் பூக்கும்போதுதான் தெரியும், பாதி ஆணாகவே இருக்கும். பெண் மரத்து ஒட்டுக்கன்று நாலாம் வருடமே காய்க்கத் தொடங்கும். ஆயிரம் மீட்டருக்கு மேல் வேண்டாம். கோடைத் தண்ணீர் நிச்சயம் வேண்டும்.

கிராம்பின் கதையும் ஏறக்குறைய இதுதான். மலுக்குத் தீவிலிருந்து சான்சிபார் போய், குற்றாலம் வழியாக நம் தெற்கு மலைக்கு வந்தது. கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. மொட்டு மலர்வதற்கு முன் கையால் பறிக்க வேண்டும், காய்ப்பு ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான். மாறாமலை போன்ற கடற்காற்று படும் மலையில் நிலம் இருப்பவர்கள் தவிர மற்றவர்களுக்கு இதில் பெரிய லாபமில்லை.

வனிலா

இதில்தான் நம் விவசாயிகள் அதிகம் அடிபட்டார்கள். மெக்சிகோவுக்கு வெளியே வனிலாக்கொடி வளர்ந்தது, பூத்தது, ஆனால் காய்க்கவில்லை. 1841இல் ரியூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், குச்சி முனையால் பூவுக்குள் இருக்கும் மெல்லிய மடலைத் தூக்கி மகரந்தத்தை அழுத்தி வைக்கும் வழியைக் கண்டுபிடித்தான். உலகம் முழுக்க இன்றும் அதே வழிதான். பூ ஒருநாள் காலை மட்டும் விரியும், மதியத்துக்குள் கை வைத்தாக வேண்டும். ஒன்பது மாதம் கழித்துப் பறித்து, 63 டிகிரி வெந்நீரில் மூன்று நிமிடம் அமிழ்த்தி, கம்பளியில் பொதிந்து வியர்க்க வைத்து, வெயிலும் நிழலுமாக மாதக்கணக்கில் பதப்படுத்தினால் ஆறு கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாகும்.

2000இல் மடகாஸ்கரைப் புயல் அடித்தது. விலை ஏற ஏற, கேரளத்திலும் கர்நாடகத்திலும் பாக்கை வெட்டிவிட்டு வனிலா வைத்தவர்கள் உண்டு. 2003 வாக்கில் பச்சைக் காயே கிலோ 3,000 ரூபாய்க்கு மேல் போனது. மடகாஸ்கர் எழுந்து நின்றதும் ஓரிரு வருடத்தில் நூறு ரூபாய்க்குக்கூட வாங்க ஆளில்லை. காரணம் எளிது. ஐஸ்கிரீம், பிஸ்கட் கம்பெனிகளிடம் 1874 முதலே ஆலையில் செய்த வனிலின் இருக்கிறது. இயற்கை வனிலாவின் விலை ஏறினால் அவர்கள் அதற்கு மாறிக்கொள்வார்கள். கைவேலை கடுமை, மாற்றுச் சரக்கு மலிவு என்ற இரண்டும் சேர்ந்த இடத்தில் நடுவில் நசுங்குவது விவசாயிதான். பதப்படுத்தக் கற்றுக்கொண்டு, பேக்கரிகளுக்கு நேரடியாகக் கொடுக்க வழி உள்ளவர் ஐம்பது கொடி வைக்கட்டும். அதற்கு மேல் வேண்டாம்.

சந்தனம்

1792இல் திப்பு சுல்தான் இதை அரச மரமாக அறிவித்த நாள் முதல் அரசின் நிழல் இதன் மேல் விழுந்தே இருக்கிறது. இப்போது பட்டா நிலத்தில் நட்டால் மரம் உங்களுடையது, ஆனால் வெட்டவும் கொண்டுபோகவும் வனத்துறை அனுமதி வேண்டும். மணமுள்ள உள்மரமான சேகு ஏற இருபது வருடமாவது ஆகும். எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது மரத்தில் துளை போட்டுப் பார்த்தால்தான் தெரியும், அதைத் திருடனும் செய்கிறான். பிற செடியின் வேரில் உறிஞ்சிப் பிழைக்கும் மரம் என்பதால் துவரை, சவுக்கு போல் துணைச்செடி வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் குனுனுர்ராவில் நம் சந்தனத்தையே ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் நட்டு வளர்த்திருக்கிறார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். தோட்டத்திலேயே குடியிருப்பவர் வேலியோரம் இருபது மரம் வைக்கலாம். சென்னையில் இருந்துகொண்டு ஏக்கர் கணக்கில் வைப்பது காவல்காரருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் உதவும்.

எதைத் தேர்வது

என் முடிவு மிளகு. அறுநூறு முதல் ஆயிரத்து இருநூறு மீட்டர் வரை, காப்பியோ நிழல்மரமோ ஏற்கெனவே நிற்கும் தோட்டத்தில் யோசிக்கவே வேண்டியதில்லை. அதற்குக் கீழே தென்னையும் தண்ணீரும் இருந்தால் சாதிக்காயை முன்னே வையுங்கள், தென்னை மரத்திலேயே மிளகையும் ஏற்றலாம். ஏலம், மேலே சொன்ன வசதிகள் எல்லாம் உள்ளவருக்கு மட்டும். வாரக்கடைசியில் மட்டும் வந்துபோகிறவரானால் மிளகைத் தவிர எதுவும் உங்களுக்காகக் காத்திருக்காது. அதற்கும் மழைக்கு முந்திய இரண்டு வாரம் ஆள் நின்றாக வேண்டும்.

ரகத்தில் ஒரு எச்சரிக்கை. பெயர் பிரபலம் என்று பன்னியூர்-1ஐ அடர்ந்த நிழலில் வைக்காதீர்கள், சரம் பிடிக்காது. அது வெளிச்சம் விழும் இடத்துக்கு. நிழல் கூடிய காப்பித் தோட்டத்துக்குக் கரிமுண்டா ஒத்துவரும். வாடல் கண்ட தோட்டமானால் கோழிக்கோடு நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் தேவம், சக்தி ரகங்களைக் கேளுங்கள். பழனி மலைக்காரர்களுக்குத் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, நேரில் போய் உங்கள் உயரத்தையும் மழையையும் சொல்லிக் கேட்டுவிட்டு வேர்விட்ட துண்டுகளை வாங்கலாம். சில்வர் ஓக் இல்லாத நிலமானால் இந்த மழைக்கு அதை மட்டும் நடுங்கள். மரம் கொடியைத் தாங்கும் அளவு தடித்த பிறகு, இரண்டு மூன்று வருடம் கழித்து, ஜூன் கடைசி மழையில் வடகிழக்குப் பக்கம் குழி எடுத்துக் கொடியை வையுங்கள். அந்தப் பக்கம் மாலை வெயில் நேராகப் படாது.